சளி, கோழை, நெஞ்சுக்கட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல் இறங்கிய பிறகும் விடாமல் தொந்தரவு தருவது சளிதான். "இதை எப்படி வற்ற வைப்பது?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். சளியை வற்ற வைக்கக் கூடாது, இளக்கி வெளியே கொண்டுவர வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றியே வரும். இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டிய நேரம் எது என்று பார்க்கச் சளியின் நிறத்தைவிட மூச்சைக் கவனியுங்கள்.

உடம்பு எதற்காகச் சளியைச் சுரக்கிறது?

நாம் நன்றாக இருக்கும்போதும் அது சுரந்துகொண்டுதான் இருக்கிறது. மூக்கில் தொடங்கி நுரையீரலின் சிறு கிளைக்குழல்கள் வரை உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் பரவியிருக்கிறது. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மீதியில் உப்பு, மியூசின் என்ற பிசுபிசுப்பான புரதம், கிருமிகளை எதிர்க்கும் லைசோசைம் போன்ற நொதிகள், நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் இருக்கும். மூச்சோடு உள்ளே போகும் தூசியும் கிருமியும் இந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு அடியில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் வினாடிக்குப் 10 முறைக்கு மேல் துடித்து, படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நுரையீரலில் இருப்பது மேலே வருகிறது, மூக்கில் இருப்பது பின்பக்கமாகத் தொண்டைக்கு வருகிறது. நமக்குத் தெரியாமலே நாள் முழுக்க அதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

வைரஸ் தொற்றும்போது மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. உட்சுவர் வீங்கி அதிகமாகச் சுரக்கிறது. சண்டைக்கு வந்த வெள்ளணுக்கள் செத்துச் சளியில் கலந்து அதைக் கெட்டியாக்குகின்றன. தள்ளிவிட வேண்டிய மயிரிழைகளும் சேதமாகிவிடுகின்றன. அதனால் சளி தேங்குகிறது, தேங்கியதை வெளியே தள்ளும் வேலை இருமலின் தலையில் விழுகிறது. சேதமான இழைகள் திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். உடம்பு தேறிய பிறகும் இருமல் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூக்குச் சளி இறங்கித்தான் நெஞ்சுச் சளி ஆகிறதா?

இல்லை. நெஞ்சில் கட்டும் கோழை அங்கேயே, மூச்சுக்குழலின் சுவரிலேயே சுரப்பது. மூக்குச் சளி தொண்டையின் பின்பக்கம் வழிந்து இருமலைத் தூண்டும் என்பது உண்மை. அந்த இருமல் படுத்தவுடன் அதிகமாகும், அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கச் சொல்லும். அப்படிப்பட்டவர்கள் நெஞ்சுக்கு மருந்து தேடுவதை விட்டு மூக்கைக் கவனித்தால் சீக்கிரம் குணமாகும்.

சளி பச்சையாக வருகிறது. ஆன்டிபயாடிக் வேண்டுமா?

இந்த ஒரு கேள்வியால் உலகம் முழுக்கத் தேவையில்லாமல் விழுங்கப்படும் மாத்திரைகள் கொஞ்சநஞ்சமல்ல. பச்சை நிறம் பெரும்பாலும் பாக்டீரியாவிடமிருந்து வருவதில்லை. நம்முடைய வெள்ளணுக்களுக்குள் மைலோபெராக்ஸிடேஸ் என்று இரும்புச்சத்து கலந்த ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. வெள்ளணுக்கள் கூடும்போது சளி மஞ்சளாகி, அப்புறம் பச்சையாகிறது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் சில நாட்களில் இது நடக்கும். இரவெல்லாம் தேங்கி நின்றதால் காலையில் வரும் முதல் சளி இன்னும் அடர்த்தியான நிறத்தில் இருக்கும், பகல் ஏற ஏற வெளுக்கும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்கக் கூடாது. திடீரென்று வரும் மூச்சுக்குழல் அழற்சியில் மிகப் பெரும்பான்மை வைரஸால் வருவது, அதன்மீது ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

விதிவிலக்கு உண்டு. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ, மூச்சுக்குழல் நிரந்தரமாக விரிந்துபோன பிராங்கியெக்டாசிஸோ உள்ளவர்களுக்கு நிறம் மாறி, அளவும் கூடி, மூச்சிரைப்பும் சேர்ந்தால் அது பொருட்படுத்த வேண்டிய அறிகுறி. சைனஸ் விஷயத்தில், 10 நாட்களாகியும் கொஞ்சமும் குறையாத சளியையும், ஒருமுறை குறைந்து பிறகு காய்ச்சல், முகவலியோடு திரும்பி வரும் சளியையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வரும் கோழை நிமோனியாவில் வரலாம். இளஞ்சிவப்பு நுரையாகப் பொங்கி வந்து மூச்சும் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அது அவசர நிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனை நாளில் சரியாகும்?

மூக்கு ஒழுகல் 7 முதல் 10 நாட்களில் அடங்கும். இருமலும் கோழையும் 2 முதல் 3 வாரம் வரை இருப்பது சாதாரணம். ஒரு வாரத்தில் போகவில்லையே என்று பலர் இரண்டாவது, மூன்றாவது மருத்துவரிடம் போய் மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியாகக் கொடுத்த மருந்துதான் குணப்படுத்தியது என்று தோன்றும், உண்மையில் நாள்தான் முடிந்திருக்கும். நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் 2 வாரத்துக்கு மேல் இருமலோடு மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு இவற்றில் ஏதாவது இருந்தாலோ, காசநோய் அதிகமுள்ள பகுதியில் வசித்தாலோ, காத்திருக்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் 3 வாரம் தாண்டினால் காட்டிவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு 8 வாரத்தைத் தாண்டும் இருமலை மருத்துவம் நாள்பட்டது என்று வகைப்படுத்துகிறது.

சளியை விழுங்கிவிட்டால் தப்பா?

தப்பில்லை. வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். குழந்தைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள், அதனால்தான் அவர்களுக்குக் காசநோய் சந்தேகம் வந்தால் அதிகாலையில் வெறும் வயிற்றிலிருந்து நீரை எடுத்துச் சோதிக்கும் முறையே இருக்கிறது. நிறைய விழுங்கினால் குமட்டலாம், குழந்தை சளியாகவே வாந்தி எடுக்கலாம். துப்புவதாக இருந்தால் டிஷ்யூவில் துப்பி மூடிய குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

கெட்டிச் சளியை இளக்க என்ன செய்யலாம்?

உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. காய்ச்சலும் வேகமான மூச்சும் உடம்பு நீரை வற்றடிக்கும். அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் சளி அப்படியே கரைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடித்தால் போதும். இதய, சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. வெதுவெதுப்பான பானம் தொண்டைக்கு இதம் தரும், மூக்கடைப்பும் சற்று இளகியதுபோல இருக்கும்.

ஆவி பிடிப்பதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். நோயின் நாட்களை அது குறைப்பதாக ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகளோ நிஜம், அதிலும் குழந்தைகளுக்குத் தொடையும் வயிறும் வெந்துபோகின்றன. குழந்தைகளைப் பாத்திரத்தின் மீது குனிய வைத்துப் போர்வை மூடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பெரியவர்கள் பிடித்தே ஆக வேண்டுமென்றால் கொதிப்பு அடங்கிய நீரை மேசையில் அசையாமல் வைத்துப் பிடிக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீர்க் குளியல் எடுப்பது அதைவிடப் பாதுகாப்பு.

மெந்தால், கற்பூரம் கலந்த தைலம் தடவினால் மூக்கு திறந்ததுபோல இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்பை மெந்தால் தூண்டுவதால் வரும் உணர்வு அது, அடைப்பு அப்படியேதான் இருக்கும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தடவ வேண்டாம், யாருக்கும் மூக்குத் துளைக்குள் தடவ வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

இருமி இருமி விலா வலிக்கிறது, சளி மட்டும் வரமாட்டேன் என்கிறது. எப்படி வெளியேற்றுவது?

பலம் கொண்ட மட்டும் தொடர்ந்து இருமினால் மூச்சுக்குழல்கள் அழுந்தி மூடிக்கொள்ளும், சளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மூச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் ஒரு முறை இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, தோளைத் தளர விடுங்கள். முதலில் ஒரு நிமிடம் வயிறு மெல்ல ஏறி இறங்கும்படி சாதாரணமாக மூச்சு விடுங்கள். அப்புறம் விலா விரிய ஆழமாக இழுத்து, 2 அல்லது 3 வினாடி நிறுத்தி, அவசரப்படாமல் விடுங்கள். இதை 3 அல்லது 4 முறை செய்யலாம். அந்தச் சின்ன நிறுத்தம் முக்கியம், சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேர அதுதான் நேரம் தருகிறது.

இப்போது நடுத்தர அளவு மூச்சு இழுத்து, வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல "ஹா..." என்று நீளமாகத் தள்ளுங்கள். தொண்டை இறுகக் கூடாது, வேலை செய்ய வேண்டியது வயிற்றுத் தசை. நெஞ்சில் கரகரப்பு மேலே நகர்வது கேட்கும். அடிக்குழல்களில் இருக்கும் சளியை இது கிளப்பும். சளி மேலே வந்த உணர்வு வந்ததும் ஆழமாக இழுத்து, சுருக்கமாக, கொஞ்சம் வேகமாக "ஹா" என்று தள்ளி, ஒருமுறை இருமித் துப்புங்கள். பிறகு மறுபடி சாதாரண மூச்சு. இந்த ஓய்வைத் தவிர்க்காதீர்கள், இடைவிடாமல் தள்ளினால் இழுப்பு வந்துவிடும். தலை சுற்றினாலோ வீசிங் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் போதும். சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம். மூச்சுக்குழலை விரிக்கும் இன்ஹேலரை மருத்துவர் கொடுத்திருந்தால் அதை எடுத்த பிறகு செய்யுங்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் தையல் மீது தலையணையை அணைத்துக்கொண்டு செய்தால் வலி குறையும்.

தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து முதுகில் தட்டும் முறையை யாரும் சொல்லித்தராமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். இதய நோய், நெஞ்செரிச்சல், எலும்புத் தேய்மானம், சளியில் ரத்தம் உள்ளவர்களுக்கு அது கேடாகலாம்.

இரவில்தான் அதிகமாகிறது. ஏன்?

படுத்தால் மூக்குச் சளி நேராகத் தொண்டைக்கு வழிகிறது, மூக்கின் உட்சுவரில் ரத்தம் தேங்கி அடைப்பும் கூடுகிறது. தலைமாட்டையும் தோளையும் சேர்த்து உயர்த்திக்கொள்ளுங்கள். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மடங்கி வலிதான் மிஞ்சும். படுக்கும் முன் மூக்கை உப்புநீரால் கழுவினால் நல்ல பலன் தெரியும். ஒரு வயது நிறைந்தவர்களுக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் இரவு இருமலைக் கொஞ்சம் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரக்கூடும்.

எந்தச் சிரப் வாங்கலாம்?

பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள்.

சளியை இளக்கும் வகையில் குயைஃபெனசின், புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால், அசிடைல்சிஸ்டீன், கார்போசிஸ்டீன் ஆகியவை வரும். புரோம்ஹெக்சின், ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடியொற்றி உருவாக்கப்பட்டது. அதை உடம்பு சிதைக்கும்போது கிடைப்பதே அம்ப்ராக்சால். சாதாரண சளியில் இவற்றின் பலன் சுமார்தான், சிஓபிடி உள்ளவர்களுக்கு நீண்ட நாள் எடுக்கும்போது சிலவற்றால் நோய் முற்றும் தருணங்கள் ஓரளவு குறைகின்றன. வயிற்றுப்புண் உள்ளவர்கள் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பான், கோடீன் வேறு வகை. கோழை நிறைய வரும்போது இருமலை அடக்கினால் கோழை உள்ளேயே தங்கும். குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் மூக்கு ஒழுகலை நிறுத்தும், கூடவே சளியைக் கெட்டியாக்கும், தூக்கத்தையும் வரவழைக்கும். இளக்குவதையும் அடக்குவதையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்கும் சிரப்புகள் ஏராளம். அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சில சிரப்புகளில் மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமாலோ டெர்பியூட்டலினோ இருக்கும், வீசிங் இல்லாதவருக்கு அதனால் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிஞ்சும். மூக்கடைப்புக்கென்று மாத்திரைகளில் சேர்க்கப்படும் பினைல்எஃப்ரின் வாய்வழியாக எடுத்தால் பலனில்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது.

மூக்கடைப்புக்கு ஸ்பிரே அடிக்கலாமா?

ஆக்சிமெட்டாசொலின், சைலோமெட்டாசொலின் ஸ்பிரேக்கள் சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் 3 நாள், அதிகம் போனால் 5 நாள். அதைத் தாண்டினால் ஸ்பிரே இல்லாமல் மூக்கு திறக்காத நிலைக்குப் போய்விடும். உப்புநீர் ஸ்பிரேவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, எத்தனை நாளும் பயன்படுத்தலாம். வீட்டில் மூக்கைக் கழுவுவதாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றியே தீர வேண்டும். குழாய்நீரை அப்படியே மூக்கில் விட்டால், மிக அரிதாக, மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போக வாய்ப்பிருக்கிறது.

மூக்கைச் சிந்தும்போது ஒரு துளையை மூடிக்கொண்டு மற்றதை மெதுவாக. இரண்டையும் பொத்திப் பலமாகச் சிந்தினால் சளி சைனஸ் அறைகளுக்குள் தள்ளப்படும்.

பால் குடித்தால் சளி கூடுமா?

கூடாது. 1990-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஜலதோஷ வைரஸைச் செலுத்திக்கொண்ட தன்னார்வலர்களின் மூக்குச் சளியை எடை போட்டே பார்த்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் திட்டாகத் தங்குவதால் அப்படித் தோன்றுகிறது. பிடிக்கவில்லையென்றால் சில நாள் விடலாம், குழந்தைக்கு நிறுத்த வேண்டியதில்லை.

கைக்குழந்தைக்கு நெஞ்சு கரகரவென்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் அந்தச் சத்தம் மூக்கிலும் தொண்டையிலும் உண்டாகி நெஞ்சில் எதிரொலிப்பது. பிறந்து சில மாதங்கள் வரை குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள், அதனால் மூக்கடைத்தால் பால் குடிக்கத் திணறுவார்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு உப்புநீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ரப்பர் உறிஞ்சியால் மெதுவாக எடுங்கள். உறிஞ்சியை முதலில் அமுக்கிக்கொண்டு, அப்புறம் துளை வாயிலில் வைத்து விட வேண்டும். ஆழமாக நுழைத்தால் உட்சுவர் புண்ணாகி வீங்கும். ஒரு நாளில் மூன்று, நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

கடையில் கிடைக்கும் சளி, இருமல் சிரப்புகளை 2 வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று எஃப்டிஏ 2008-லேயே எச்சரித்தது. சளியை இளக்கும் அசிடைல்சிஸ்டீன், கார்போசிஸ்டீன் இரண்டையும் 2010-ல் பிரான்ஸ் 2 வயதுக்குக் கீழே தடை செய்தது. சளி இளகிப் பெருகினாலும் அதை இருமித் தள்ளும் பலம் அந்த வயதில் இல்லை. கோடீன் 12 வயதுக்குக் கீழே கூடாது.

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதத்துக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், மூக்கு விடைத்தாலும், முனகினாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் இரவு என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். 3 மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் மற்ற அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லையென்றால் உடனே. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும், மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினாலும் அப்படியே. சிஓபிடி உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அளவு எப்போதுமே குறைவாக இருக்கலாம், அவர்கள் தங்கள் வழக்கமான எண்ணை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நீடித்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

பலமாக இருமியதில் சளியில் ஒரு கீற்று ரத்தம் வருவது உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். ஸ்பூன் கணக்கில் ரத்தம் வந்தால் அவசர சிகிச்சை.

முதியவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சலும் இருமலும் தெரியாமல் போகலாம். திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, தள்ளாட்டம், இவை மட்டுமே தெரியும். உணவு புரையேறும் பழக்கம் உள்ளவர் என்றால் இன்னும் கவனம் தேவை.

புகைபிடிப்பதை நிறுத்தியதும் சளி அதிகமாகிவிட்டது. நிறுத்தியது தவறா?

இல்லவே இல்லை. புகை மயிரிழைகளை முடக்கிப் போட்டிருந்தது, இப்போது அவை விழித்துத் தேங்கிக் கிடந்ததைத் தள்ளுகின்றன. சில வாரம் இருமல் கூடி, அப்புறம் படிப்படியாகக் குறையும். தயவுசெய்து இதற்காகத் திரும்பத் தொடங்காதீர்கள். ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ மட்டும் இதுதான் காரணம் என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

சளிப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். எப்படி எடுப்பது?

ஆய்வகத்துக்கு வருவதில் நிறைய வெறும் எச்சில்தான், அதில் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். கிருமி கொல்லும் மவுத்வாஷ் வேண்டாம். சன்னலோரத்திலோ வெளியிலோ மற்றவர்கள் இல்லாத இடத்தில் நின்று, மேலே சொன்ன முறையில் இரண்டு, மூன்று முறை ஆழமாக இழுத்து விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி நேராகக் கப்பில் துப்புங்கள். கெட்டியாக, 3 முதல் 5 மில்லி இருந்தால் போதும். கப்பின் உட்பக்கத்தைத் தொடாமல் மூடியை இறுக்கி, சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமாகும் என்றால் உணவுப்பொருள் இல்லாத ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆன்டிபயாடிக் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு அதனால் மாறலாம்.